எச்சம்

வியாசர்பாடியில் ஒரு மாநகராட்சிப் பள்ளி,
ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு.
சிவப்பும் வெள்ளையுமாய் ஒன்பது கட்டைகள்,
அட்டையில் ஒரு வடிவம்,
என் கையில் நிறுத்துகடிகாரம்.
தினக்கூலி முந்நூற்றைம்பது, பஸ் காசு தனி.

நான் அளக்க வந்தது உளச்சார்பு.
அந்தச் சொல்லைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது,
விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.
சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.
விளையாடப் போகிறவர்களைத்
தலை வாரிக்கொண்டு வரச் சொல்வார்களா யாராவது?

ஏழாவது கேள்வி:
ஒரு குழாய் தொட்டியை நான்கு மணி நேரத்தில் நிரப்பும்,
இன்னொன்று ஆறு மணி நேரத்தில்.
இரண்டையும் திறந்தால்?
ஷர்மிளா பானு பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்:
"லாரி எப்ப வரும்னு போடலியே மிஸ்?"
விடைத்தாளில் அதற்கு இடமில்லை.
பூஜ்யம் போட்டேன்.
அன்றிரவு பெரம்பூரில், என் வாடகை வீட்டில்,
இரண்டு குழாயையும் திறந்து பார்த்தேன்.
இரண்டும் இருமின.

அடுத்த நாள் டில்லிபாபு.
ஐந்து கட்டை வைத்திருந்தவன்
சட்டென்று நிறுத்தி
இரண்டு உள்ளங்கையாலும் அவற்றைச் சுற்றி அணை கட்டினான்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
பிறகுதான் கூட்ஸ் வண்டி,
பிறகுதான் சாய்ந்த மேசையின் நடுக்கம்.
மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் சரிந்து தரையில் உருண்டிருக்கிறது.
இவன் கடைசிப் பெட்டி போகும்வரை அசையவில்லை.
நாற்பத்தோரு வினாடி.
கையேடு, பக்கம் பன்னிரண்டு:
எக்காரணம் கொண்டும் கடிகாரத்தை நிறுத்தக் கூடாது.
நிறுத்தவில்லை.
நேரம் முடிந்தபோது இரண்டு கட்டை மீதம்.
குறிப்பு என்ற கட்டத்தில் 'ரயில்' என்று எழுதினேன்.
கணினி அந்தக் கட்டத்தில்
எண்களை மட்டும்தான் வாங்கும்.

பதினோரு ஆண்டு கழித்து
யார் என்ன ஆனார்கள் என்று தேடிப் போனோம்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரில் ஐந்நூற்று நாற்பது பேர் கிடைத்தார்கள்.
மற்றவர்களின் தெருக்களே
பெரும்பாக்கத்துக்குப் பெயர்ந்திருந்தன.

அன்றைய மதிப்பெண்
இன்றைய படிப்பின் ஏற்ற இறக்கத்தில்
நூற்றுக்கு இருபத்திரண்டை விளக்குகிறது.
நல்ல முடிவு என்றார் பேராசிரியர்.
நல்ல முடிவுதான்,
இவ்வளவு விளக்க வேறொன்றும் எங்களிடம் இல்லை.
மீதி எழுபத்தெட்டின் பெயர் எச்சம்.
நீர்த்தொட்டி மேல் காக்கை போடுவதும் அதுதானே
என்று ஜோதிலிங்கம் சிரித்தான்.
எனக்கு இலக்கண வகுப்பு நினைவுக்கு வந்தது.
வந்து, போய், எழுதி:
முடித்துவைக்க ஒரு வினை வரும்வரை
வாசலிலேயே நிற்கிற சொற்கள்.

ஷர்மிளா பானு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள்.
முதல் ரவுண்டு ஆப்டிட்யூட்டில் அதே தொட்டி வந்ததாம்.
"ரெண்டு மணி இருபத்தி நாலு நிமிஷம்னு
போட்டுட்டேன் மிஸ்."
அவள் லாரியைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

டில்லிபாபு துறைமுகத்தில்
கன்டெய்னர் அடுக்குகிறான் என்று எழுதினால்
கவிதை அழகாக முடிந்துவிடும்.
இல்லை.
கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடும் கடையில்
கணக்கு எழுதுகிறான்.
பாலிடெக்னிக்கில் மூன்று பேப்பர் பாக்கி.
தண்டவாளத்தை ஒட்டிய டீக்கடையில் கேட்டான்:
"அன்னிக்கு எனக்கு எவ்ளோ போட்டீங்க?"
சொல்லக் கூடாது என்பது விதி.
ஞாபகமில்லை என்றேன்.
முப்பத்தொன்று.

பாதிப் பேச்சில் நிறுத்தி
இரண்டு கிளாஸையும்
உள்ளங்கைகளால் சுற்றிப் பிடித்தான்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு பெஞ்சு நடுங்கியது.
என் கட்டைவிரல்
இல்லாத பொத்தானைத் தேடி அழுத்தியது.

வண்டி போய்,
சிந்தாத டீ ஆறி,
அவன் வேறு எதையோ சொல்லிச் சிரித்து,
நான் படிவத்தைத் திருப்பி,
எழுத்தை வாங்காத அந்தக் கட்டத்தில்
அவன் கைகளை எழுதத் தொடங்கி